45 வயசுல ஒரு வருஷம் பிரேக், பாங்காக்ல வீடு: சரிப்படுமா?
பெங்களூர் ஐடி வேலைய விட்டுட்டு ஒரு வருஷம் பாங்காக்ல சொந்தமா வீடு வாங்கி இருக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வாங்கலாம், ஆனா அங்க நம்ம பேர்ல நிலம் கிடைக்காது, காண்டோதான், அதாவது அடுக்குமாடி ஃபிளாட், அதுலயும் ஒரு கட்டடத்துல வெளிநாட்டுக்காரங்களுக்கு 49 சதவீத பரப்புதான். காசு அனுப்புறதுதான் பெரிய தலைவலி. எல்ஆர்எஸ்ல, அதாவது வெளிநாட்டுக்குக் காசு அனுப்ப ரிசர்வ் வங்கி வச்சிருக்கற திட்டத்துல, ஒருத்தர் வருஷத்துக்கு 2,50,000 டாலர் வரைக்கும் அனுப்பலாம், ஆனா 10 லட்சம் ரூபாய் தாண்டினா, தாண்டின தொகைக்கு பேங்க்ல 20 சதவீதம் டிசிஎஸ்னு முன்கூட்டியே வரி பிடிச்சுருவாங்க, வருமான வரி ரிட்டர்ன் (ஐடிஆர்) போட்டா வரவு வச்சுக்கலாம், ஆனா சம்பளமே இல்லாத வருஷத்துல அவ்ளோ காசு முடங்கினா கடுப்பா இருக்காதா? இந்தியால ரெசிடென்டா இருக்கற வரைக்கும் ஐடிஆர்ல வெளிநாட்டுச் சொத்துக்கான ஷெட்யூல் எஃப்ஏ பகுதில அந்த வீட்டைக் காட்டணும், விட்டுட்டா 10 லட்சம் ரூபாய் அபராதம் வரலாம். என்னைக் கேட்டா முதல்ல அங்க வாடகைக்கு இருங்க, முக்கியமா செப்டம்பர் மழைல, தெருவுல முட்டியளவு தண்ணி நிக்குதான்னு பாத்துட்டு அட்வான்ஸ் குடுங்க.