வெள்ளிக்கு எந்தக் கல் சொந்தம்? – வாசகர் கேள்வி பதில்

சென்ற இதழில் தீப்பாறைகளை, அதாவது உருகிய பாறைக்குழம்பு ஆறி உறைந்த பாறைகளைப் பற்றி எழுதும்போது, உலகத்தின் பெரிய வெள்ளிச் சுரங்கங்கள் பலவும் எரிமலைப் பாறைகளை ஒட்டியே இருக்கின்றன என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கடந்து போய்விட்டேன். வந்த கடிதங்களில் முக்கால்வாசி அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டுதான் வந்திருக்கின்றன. அதனால் இந்த மாதம் முழுக்க வெள்ளிதான்.

*முப்பது வருடமாக வெள்ளி உருக்குகிறேன். எரிமலைக் குழம்பிலேயே வெள்ளி உருகி ஓடுமா? ஓடினால் அது ஏன் எல்லா எரிமலையிலும் இல்லை?*
– நகைவேலை செய்யும் வாசகர், கஸ்தூரியார் வீதி, யாழ்ப்பாணம்

அப்படி ஓடாது ஐயா. பாறைக்குழம்பில் வெள்ளி இருக்கத்தான் செய்கிறது, ஆனால் சாதாரணப் பாறை ஒரு தொன்னை எடுத்தால் அதில் ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்குகூடத் தேறாது. சுரங்கம் தோண்டிக் கட்டுபடியாக வேண்டுமென்றால் தொன்னுக்கு நூறு, இருநூறு கிராம் என்று ஒரே இடத்தில் சேர்ந்திருக்க வேண்டும். ஆயிரம் மடங்குக்கு மேல் சேர்க்கிற அந்த வேலையைச் செய்வது குழம்பு இல்லை, சுடுதண்ணீர். குழம்பு ஆறும்போது அதிலிருந்து பிரிகிற நீரும், மழையாகப் பெய்து நிலத்துக்குள் இறங்கிச் சூடேறிய நீரும் உப்போடு கலந்து, 200, 300 பாகை சூட்டில், பாறை வெடிப்புகளுக்குள் ஓடித் திரிகின்றன. அந்த உப்புத் தண்ணீரில் வெள்ளி குளோரைட்டாகக் கரைந்து பயணம் செய்யும்.

பிறகு அது எங்கே இறங்குகிறது என்பதற்கு உங்கள் வீட்டுக் கேத்திலைத் திறந்து பாருங்கள். எங்கள் கிணற்றுத் தண்ணீரைக் கொதிக்க வைக்கக் கொதிக்க வைக்க அடியில் ஒரு வெள்ளைப் படை கட்டிக்கொண்டே வரும், தேசிக்காய்ப் புளி விட்டு ஊறவைத்தால்தான் கழன்று வரும். கொதிக்கும்போது தண்ணீரில் இருந்த காபனீரொட்சைட்டு வாயுவாகப் போய்விடுகிறது, சுண்ணாம்பு கரைந்திருக்க வழியில்லாமல் கல்சைற்றாகப் படிகிறது. நிலத்துக்கு அடியிலும் இதுதான் நடக்கிறது. ஆழத்தில் அழுத்தம் அதிகம் என்பதால் 300 பாகையிலும் தண்ணீர் கொதிக்காது, மேலே வரவர அழுத்தம் குறைந்து ஒரு கட்டத்தில் கொதித்துவிடும். வாயுக்கள் போய் அமிலத்தன்மை குறைந்ததும் வெள்ளியும் கந்தகத்தோடு சேர்ந்து வெடிப்பின் சுவரில் படிந்துவிடுகிறது. இப்படித் தாது படிந்து நிறைந்த வெடிப்பைத்தான் நரம்பு என்கிறோம். வெள்ளி நரம்புகளில் தகடு தகடாக நிற்கிற கல்சைற்றைக் கண்டால் சுரங்கக்காரர்கள் உசாராகிவிடுவார்கள், ஏனென்றால் அந்த இடத்தில் ஒருகாலம் தண்ணீர் கொதித்திருக்கிறது.

அப்படிப் படிகிற தாதுவை நீங்கள் தினமும் கையில் தொடுகிறீர்கள். பழைய கொலுசின் மேல் பிடிக்கிற கறுப்பு இருக்கிறதே, அது வெள்ளிச் சல்பைட்டு. சுரங்கத்தில் அகாந்தைட் என்று பெயர் சொல்லி எடுக்கிறதும் அதே சேர்வைதான். 1859இல் அமெரிக்காவின் நெவாடாவில் பொன் அரித்தவர்கள் ஒரு நீலக் கறுப்புச் சேறு வந்து தொந்தரவு செய்கிறது என்று அதை அள்ளி எறிந்துகொண்டிருந்தார்கள், பரிசோதித்துப் பார்த்தபோது அதற்குள் வெள்ளி நிறைந்திருந்தது. ஆனால் இன்று உங்கள் கைக்கு வருகிற வெள்ளியில் பெரும்பகுதி வெள்ளிக்கென்றே தோண்டியது அல்ல, ஈயம், நாகம், செம்பு, பொன் எடுக்கும்போது கூடவே கிடைப்பது.

*வெள்ளி நரம்பின் வயதை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்? வெள்ளிக்குக் கதிர்த்தொழிற்பாடு இல்லையே?*
– உயர்தர மாணவி, சுன்னாகம்

நல்ல இடத்தில் கைவைத்திருக்கிறீர்கள் பிள்ளை. இயற்கை வெள்ளியில் இருக்கிற இரண்டு சமதானிகளும், அதாவது நிறை மட்டும் வேறுபடுகிற இரண்டு அணு வகைகளும், 107ம் 109ம், நிலையானவை. வெள்ளியிடம் நேரே வயது கேட்க முடியாது. அதனால் அதே வெடிப்பில், அதே தண்ணீரிலிருந்து, வெள்ளியோடு சேர்ந்து வளர்ந்த வேறொரு கனிப்பொருளைத் தேட வேண்டும். பெரும்பாலும் கைகொடுப்பது அடுலேரியா என்ற பெல்ஸ்பார். அதில் பொற்றாசியம் நிறைய இருக்கும். அதில் கதிர்த்தொழிற்பாடுள்ள பொற்றாசியம்-40இன் அரைவாழ்வுக்காலம், அதாவது இருப்பதில் பாதி அழிய எடுக்கிற காலம், ஏறக்குறைய 125 கோடி ஆண்டு, அழிகிற நூறு அணுவில் 11 அளவில் ஆகன்-40 ஆகும், மிச்சம் கல்சியமாகப் போகும். பளிங்கு ஆறிய பிறகு அந்த ஆகன் உள்ளேயே அடைபட்டுக் கிடக்கும். மாதிரியை அணு உலையில் வைத்துப் பொற்றாசியத்தின் ஒரு பகுதியையும் ஆகன்-39 ஆக மாற்றிவிட்டால், இரண்டு ஆகனையும் ஒரே கருவியில் ஒப்பிட்டு வயதைக் கணக்கிடலாம்.

பக்கத்துத் தீப்பாறைக்கு வேறு கடிகாரம். அதற்குச் சிர்க்கோன் என்ற கனிப்பொருள். இந்தப் பளிங்கு வளரும்போது யுரேனியத்தை உள்ளே எடுக்கும், ஈயத்தை எடுக்காது. ஆகவே இப்போது அதற்குள் இருக்கிற ஈயம் ஏறக்குறைய முழுவதும் யுரேனியம் அழிந்து வந்தது. யுரேனியம்-238க்கு அரைவாழ்வு 446 கோடியே 80 இலட்சம் ஆண்டு, 235க்கு 70 கோடியே 40 இலட்சம், ஒரே சிர்க்கோன் மணிக்குள் இரண்டு கடிகாரம் ஓடுகிறது, இரண்டும் ஒரே நேரம் காட்டினால் நம்பலாம்.

படிக்கிற காலத்தில் நான் இதற்காகக் கல் இடித்திருக்கிறேன். சிமெந்துப் பை அளவு கல்லை மாவாக்கி, தண்ணீரில் அரித்து, காந்தத்தால் இழுத்து, பாரமான திரவத்தில் அமிழ்த்தி, கடைசியில் ஒரு கண்ணாடித் தட்டில் மிஞ்சுவது ஒரு சிட்டிகைத் தூள். அதில் ஒவ்வொரு மணியும் ஒரு மில்லிமீற்றரில் பத்தில் ஒன்று இருக்கும். நுணுக்குக்காட்டிக்குக் கீழே, ஊசி நுனியால், மூச்சை அடக்கிக்கொண்டு ஒன்றொன்றாகத் தள்ளி வரிசையில் வைக்க வேண்டும். பிறகு பாதிக்கு அரைத்து இலத்திரன் கற்றையைப் பாய்ச்சினால் உள்ளே வளையம் வளையமாக ஒளிரும், சிலவற்றில் நடுவே வேறு நிறத்தில் ஒரு பழைய கரு தெரியும், அது குழம்பு வருகிற வழியில் விழுங்கிய முந்திய பாறையின் மணி. அந்தக் கருவைத் தெரியாமல் அளந்தால் வயது பிழைத்துவிடும். அதனால்தான் பாறையை மொத்தமாகக் கரைக்காமல் மணியின் எந்த இடத்தைக் கருவியின் கற்றையால் சுட வேண்டும் என்று பார்த்துப் பார்த்துச் சுடுகிறார்கள்.

சரி, இரண்டு வயதும் கிடைத்துவிட்டது, அதை வைத்து என்ன தெரியும்? பொலிவியாவின் பொட்டோசியை எடுங்கள். 1545இல் வெள்ளி கண்ட மலை, உச்சி ஏறக்குறைய 4,800 மீற்றர். மலை முழுக்க டேசைட் என்ற எரிமலைப் பாறை, வயது 1 கோடியே 38 இலட்சம் ஆண்டு. வெள்ளித் தண்ணீர் வேலை செய்து முடித்தது அதற்குப் பிறகு சில இலட்சம் ஆண்டுக்குள். இங்கே பாறையும் வெள்ளியும் ஒரே கையோடு நடந்தவை. இதையே அமெரிக்காவின் கொலராடோவில் உள்ள கிரீட் சுரங்கத்தில் பார்த்தால் கதை வேறு. வெள்ளி நரம்பு ஓடுகிற எரிமலைச் சாம்பற் பாறைக்கு 2 கோடியே 70 இலட்சம் ஆண்டு அளவில் வயது, நரம்புக்கு 2 கோடியே 50 இலட்சம் அளவில். நடுவே இருபது இலட்சம் ஆண்டு. அந்த எரிமலையின் சூடு அவ்வளவு காலம் நிற்காது, ஆகவே வெள்ளியைக் கொண்டுவந்த சூடு கண்ணுக்குத் தெரியாமல் அடியில் பிறகு வந்து நுழைந்த வேறு ஒரு குழம்பினுடையதாகத்தான் இருக்க வேண்டும். சுற்றியிருக்கிற பாறை வெறும் வீடு, பெற்றவர் இல்லை. இந்த வித்தியாசத்தை வயது அளக்காமல் கண்ணால் பார்த்துச் சொல்ல ஒருவராலும் முடியாது. பக்கத்தில் நிற்கிற கல்லையே தாய்ப்பாறை என்று எழுதிவிடுகிற கட்டுரைகளைப் பார்க்கும்போது எனக்கு உண்மையில் மனம் பொறுப்பதில்லை.

*வெள்ளித் தாது இருக்கிற இடத்துப் பாறையெல்லாம் சுடுதண்ணீரில் வெந்து மாறிப்போயிருக்கும் என்கிறார்கள். பிறகு இரசாயனப் பகுப்பாய்வு செய்து என்ன பயன்?*
– ஆசிரியை, கோப்பாய்

நியாயமான சந்தேகம் ரீச்சர். புதிய பாறை என்றால் சிலிக்காவை அளந்தே பெயர் வைக்கலாம். நூற்றுக்கு 52க்குக் கீழே பசாற்று, 57 முதல் 63 வரை அண்டசைட், அதற்கு மேலே டேசைட், 70ஐ ஒட்டித் தாண்டினால் ரயோலைட். அதோடு சோடியமும் பொற்றாசியமும் சேர்த்துப் படம் கீறுவார்கள். தாது நரம்பின் ஓரத்தில் இந்த வழி ஏமாற்றிவிடும், ஏனென்றால் அந்தத் தண்ணீர் சோடியத்தைக் கழுவிக்கொண்டு போய், பொற்றாசியத்தையும் சிலிக்காவையும் கொண்டுவந்து ஏற்றியிருக்கும். அண்டசைட்டாகப் பிறந்த கல் படத்தில் ரயோலைட் மாதிரி நிற்கும்.

சாயம் வெளுத்த சேலை எந்தத் தறியில் நெய்தது என்று அறிய வேண்டுமென்றால் நிறத்தைப் பார்க்க மாட்டோம், நெசவைப் பார்ப்போம் அல்லவா? பாறையில் அந்த நெசவு சிர்க்கோனியம், தைத்தேனியம், நயோபியம், இற்றியம் போன்ற மூலகங்கள். சுடுதண்ணீரில் இவை இலேசில் அசையாது. இவற்றின் விகிதங்களை வைத்து, வெந்துபோன கல்லும் முதலில் என்னவாக இருந்தது என்று சொல்லலாம். இன்னும் ஒன்றும் தெரியும். கூட இருக்கிற மூலகங்களோடு ஒப்பிட நயோபியமும் தந்தாலமும் பள்ளமாகக் குறைந்திருந்தால், கடற்தட்டு ஒன்று கண்டத்துக்கு அடியில் அமிழும் இடத்தில் உண்டான குழம்பு என்று எடுத்துக்கொள்ளலாம், அந்தீஸ் மலைத்தொடரும் மெக்சிக்கோவின் வெள்ளி நாடும் அப்படிப்பட்டவைதான்.

ஆனால் உறவுமுறை கேட்க எனக்குப் பிடித்த சாட்சி ஈயம். வெள்ளியோடு வருகிற கலீனா என்ற ஈயச் சல்பைட்டில் யுரேனியம் இல்லை என்றே சொல்லலாம், ஆகவே அது படிந்த நாளில் இருந்த ஈயச் சமதானி விகிதம் அப்படியே உறைந்து நிற்கும். தீப்பாறையின் பெல்ஸ்பாரிலும் அதே மாதிரி. இரண்டையும் அளந்து பார்த்தால், உலோகம் இந்தக் குழம்பிலிருந்து வந்ததா, அல்லது தண்ணீர் போகிற வழியில் வேறு பழைய பாறையிலிருந்து கரைத்து எடுத்ததா என்பது வெளிப்படும். வயது பொருந்தி, ஈயமும் பொருந்தினால் சொந்தம் என்று எழுதலாம்.

*யாழ்ப்பாணத்தில் ஆழமாகத் தோண்டினால் வெள்ளி கிடைக்குமா?*
– வாசகர், பருத்தித்துறை

கிடைக்காது. எங்கள் காலடியில் இருப்பது மயோசீன் என்ற பழைய புவிக்காலத்துக் கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். வன்னியிலிருந்து ரிப்பரில் வருகிற கருங்கல்லும் உதவாது, அது ஒருகாலம் இருபது கிலோமீற்றரும் அதற்கு மேலும் ஆழத்தில் வெந்து உருமாறி, மேலே இருந்ததெல்லாம் அரித்துப்போன பிறகு வெளியே தெரிகிற பாறை. வெள்ளி நரம்புகள் மேல் ஒன்று, ஒன்றரை கிலோமீற்றருக்குள் உண்டாகிறவை, இங்கே ஒருவேளை இருந்திருந்தாலும் எப்போதோ கழுவிப் போயிருக்கும்.

ஆனால் எங்கள் நாட்டுக்கு இந்த விடயத்தில் வேறு ஒரு பங்கு இருக்கிறது. தெற்கே இரத்தினக்கல் மண்ணில் கிடைக்கிற நிறமற்ற சிர்க்கோனை மாத்தறை வைரம் என்று விற்பார்கள். அந்த மண்ணில் வருகிற பெரிய சிர்க்கோன்கள் ஏறக்குறைய 56 கோடி ஆண்டுப் பழையவை, உள்ளே எங்கே சுட்டாலும் ஒரே வயது காட்டும் அளவுக்குச் சீரானவையும் உண்டு. கன்பராவில் உள்ள அவுஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்துக் கருவியில் பல ஆண்டுகளாகப் படிக்கல்லாக வைத்து அளந்தது இலங்கைச் சிர்க்கோனைத்தான். வேறு நாட்டு மணியை அளக்க முன்னும் பின்னும் எங்கள் மணியை அளந்து கருவி சரியா என்று பார்ப்பார்கள்.

*ஒன்ராறியோவில் கோபால்ட் என்ற பழைய சுரங்க ஊருக்குப் பிள்ளைகளோடு போனோம். அங்கேயும் எரிமலையா வெள்ளியைக் கொண்டுவந்தது?*
– வாசகி, ரொறன்ரோ

நீங்கள் பார்த்தது முற்றிலும் வேறு வகை தங்கச்சி. 1903இல் ரயில் பாதை போடும்போது வெளிவந்த வெள்ளி அது. சல்பைட்டாக இல்லாமல் தனி வெள்ளியாக, கம்பியும் தகடுமாக, கோபால்ட், நிக்கல், ஆசனிக்கு சேர்ந்த தாதுக்களோடு இருக்கும். அருகில் இருக்கிற தீப்பாறை நிலத்துக்கு அடியில் தகடாக நுழைந்து உறைந்த நிப்பிசிங் டயபேஸ், வயது 221 கோடியே 90 இலட்சம் ஆண்டு அளவில். பொட்டோசியோடு ஒப்பிட்டால் நூற்றைம்பது மடங்குக்கு மேல் பழையது.

இந்த வகைக் கரும்பாறையில் நல்ல சிர்க்கோன் கிடைப்பது கடினம். அதனால் பாடலியைட் என்ற சிர்க்கோனியம் ஒட்சைட்டுக் கனிப்பொருளைத் தேடி அளந்தார்கள். அந்தக் கனிப்பொருள் உலகத்தில் முதலில் இனம் காணப்பட்டது எங்கே தெரியுமா? இரத்தினபுரி மாவட்டத்து இறக்குவானையில். அங்கிருந்து கொண்டுபோன ஜோசப் பாடலியின் பெயரையே 1890களில் அதற்கு வைத்தார்கள். நரம்புகள் டயபேசின் விளிம்பை ஒட்டியே ஓடுவதால், சூடும் வெடிப்பும் டயபேஸ் தந்தது என்பது நல்ல பொருத்தம். உலோகமும் அதிலிருந்தே வந்ததா, அடியில் இருக்கிற இன்னும் பழைய பாறைகளிலிருந்து வந்ததா என்பதில்தான் ஆய்வாளர்கள் ஒத்துப்போகவில்லை, எனக்கு இரண்டாவதுதான் நியாயமாகப் படுகிறது.

*டொலர் என்ற சொல்லே ஒரு வெள்ளிச் சுரங்கத்தின் பெயர் என்று வாசித்தேன். உண்மையா?*
– வாசகர், சாவகச்சேரி

உண்மை. இன்றைய செக் நாட்டில் யாகிமோவ் என்கிற ஊர், 1516இல் ஜெர்மன் பெயரில் யோவாகிம்ஸ்தால் என்று தொடங்கியது. அங்கே அடித்த வெள்ளி நாணயம் தாலர், அதுவே பிறகு டொலர் ஆயிற்று. அங்கே வெள்ளி தோண்டினவர்களுக்குக் கீல் மாதிரி ஒரு கறுத்த பாரமான கல் அடிக்கடி குறுக்கே வரும், அது வந்தால் வெள்ளி முடிந்துவிட்டது என்று ஒதுக்கி எறிவார்கள். அது யுரேனியத் தாது. பிற்காலத்தில் கண்ணாடிக்கு நிறம் ஊட்ட அதிலிருந்து யுரேனியத்தை எடுத்துவிட்டு மிச்சத்தைப் பைன் காட்டுக்குள் கொட்டினார்கள். மேரி கியூரி கேட்டு வாங்கியது அந்த மிச்சத்தைத்தான், பாரிசில் சாக்கைத் திறந்தபோது மண்ணிறத் தூளோடு பைன் ஊசி இலைகளும் கலந்திருந்தன. ரேடியத்தைப் பிரித்தெடுத்தது அதிலிருந்துதான். 1907இல் போல்ட்வுட் என்ற அமெரிக்க இரசாயனவியலாளர் யுரேனியம் கடைசியில் ஈயமாக முடிகிறது என்று காட்டி, அந்த விகிதத்தை வைத்துக் கற்களுக்கு முதன்முறையாக வயது அச்சிட்டார். மேலே பொட்டோசிக்கும் கோபால்ட்டுக்கும் சொன்ன சிர்க்கோன், பாடலியைட் வயதுகள் எல்லாம் அதே யுரேனிய ஈயக் கணக்கில் வந்தவை.