பலெர்மோவில ஜெலாத்தோ: விரத நாளுக்கும் மற்ற நாளுக்கும்

தங்கச்சி, இத்தாலியின்ர சிசிலித் தீவில இருக்கிற இந்தப் பலெர்மோவுக்கு வந்து ஒரு மாதம்தான், பிள்ளைகள் ஜெலாத்தோ (இத்தாலி ஐஸ்கிரீம்) கேட்டு அரியண்டம் தருகினம், எந்தக் கடை நல்லது, வெள்ளிக்கிழமை விரதத்தோட சாப்பிடலாமோ எண்டு கேட்டிருந்தீங்கள். விரதத்தை முதல்ல சொல்லுறன்.

நான் வந்த புதுசில ஒரு வெள்ளிக்கிழமை, ‘கிரேமா’ எண்ட ஜெலாத்தோ பால்தானே எண்டு நினைச்சுச் சாப்பிட்டுட்டன். அது முட்டை மஞ்சள்கரு போட்டுக் காய்ச்சிறது. தெரிஞ்ச பிறகு கனநாள் மனம் கேக்கேல்லை. சபாயோனே எண்ட வகையும் அப்படித்தான். சிசிலியின்ர பழைய முறையில முட்டை இல்லை, பாலை மாவால தடிப்பாக்குவினம். இப்ப எல்லாக் கடையும் அப்படிச் செய்யிறேல்லை. அதனால ‘சென்சா உவோவா?’ எண்டு கேளுங்கோ; முட்டை இல்லாததோ எண்டு அர்த்தம். எலுமிச்சை, முசுக்கட்டைப்பழம் போட்ட கிரனீத்தா எண்ட ஐஸ்கூழில தண்ணி, சீனி, பழச்சாறுதான். பயமில்லை.

ஜெலாத்தோவை பிரியோஷுக்குள்ள வைச்சும் தருவினம். தலையில சின்ன உருண்டை வைச்ச பணிஸ் அது. அந்த உருண்டைக்கு ‘துப்போ’ எண்டு பேர், சிசிலியில கொண்டை எண்டு அர்த்தம். மாவில முட்டை இருக்கும், சில இடத்தில பண்டிக் கொழுப்பும் சேரும். விரதத்துக்கு வேண்டாம். மற்ற நாளில காலமைச் சாப்பாடே அதுதான் இங்க, பிள்ளைகளுக்குக் கட்டாயம் குடுங்கோ.

கடையெண்டால் எனக்கு முதல்ல கப்படோனியா. கத்தீட்ரலில இருந்து விக்டோரியோ இமானுவேலே தெருவால இறங்கி வரேக்க இருக்கு. பல்லரோச் சந்தைப் பக்கம் இருக்கிற எங்கட சனத்துக்கு நடை தூரம்தான். பிரியோஷுக்கு மரியானோ ஸ்தாபிலே தெருவில இருக்கிற ‘பிரியோஷா’ எண்ட கடை.

புதுக் கடையில பிஸ்தாவைப் பாருங்கோ. பளிச்செண்டு பச்சையா இருந்தால் சாயம். எட்னா மலையடியில இருக்கிற பிரொந்தே ஊர்ப் பிஸ்தாவை இரண்டு வருசத்துக்கு ஒருக்காத்தான் ஆய்வினம், அதால விலை கூட. அதை அரைச்சுப் போட்டால் மங்கின, மண்ணிறம் கலந்த பச்சைதான் வரும். தட்டில மலை மாதிரிக் குவிச்சு வைச்சிருக்கிற இடத்துக்கும் நான் போறேல்லை. மூடி போட்ட ஆழமான பாத்திரத்தில வைச்சிருந்தால் நம்பி நிப்பன்.

யூலை 14 இரவு பலெர்மோவின்ர காவல் புனிதை சாந்தா ரோசலியாவின்ர திருவிழா. அண்டைக்கு ஊரெல்லாம் வத்தகப்பழ ஜெலோ செய்வினம்: பழச்சாறைச் சோள மாவோட காய்ச்சி, மல்லிகைப்பூ வாசமும் கறுவாவும் சேர்த்து ஆறவிடுறது. முட்டையும் இல்லை, ஜெலட்டினும் இல்லை. நானும் செய்வன். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வாங்கோ. சாப்பிட்டுட்டு எல்லாருமாக் கடற்கரைக்கு வாணவேடிக்கை பார்க்கப் போவம்.