தேவாரம் வருகிறது, "தண்ணீர்" வரவில்லை: இசைவழிப் பேச்சு சிகிச்சை – கேள்வி பதில்

பக்கவாதத்தாலோ தலையில் அடிபட்டதாலோ பேச்சை இழந்தவர்களின் சிங்கப்பூர்க் குடும்பத்தார் கேட்ட கேள்விகளுக்கு, பேச்சு சிகிச்சையாளர் என்ற முறையில் பதில் எழுதியிருக்கிறேன்.

ஈசூனிலிருந்து: அக்கா, அப்பாவுக்கு நான்கு மாதங்களுக்கு முன் இடப்பக்க மூளையில் பக்கவாதம் வந்தது. அம்மாவின் பெயரைக்கூடச் சொல்ல முடியவில்லை. ஆனால் பூசையறையில் தேவாரத்தைத் தடையில்லாமல் பாடுகிறார். வேண்டுமென்றே பேசாமல் இருக்கிறாரோ என்று அண்ணன் சந்தேகப்படுகிறார்.

இல்லை. அந்தச் சந்தேகத்தை இன்றே விட்டுவிடச் சொல்லுங்கள். இத்தகையவர்கள் பலருக்குக் கேட்பது ஓரளவு நன்றாகவே புரியும். அப்பா காதில் விழுந்தால் மனம் உடைந்துபோவார்.

புதிதாக ஒரு வாக்கியத்தை அமைத்து வாய்க்குக் கொண்டுவரும் வேலை பெரும்பாலோருக்கு மூளையின் இடப்பக்கத்தில் நடக்கிறது. அங்கே முன்பகுதி பாதிக்கப்பட்டால் பேச்சு தடைபடும் என்று 1861இல் பாரிஸில் பால் புரோக்கா காட்டினார். அவருடைய நோயாளியின் வாயில் வந்தது பெரும்பாலும் "டான்" என்ற ஓரொலிதான். மெட்டோடு மனப்பாடமான வரிகளை நாம் புதிதாக அமைப்பதில்லை. ஒரு வரி அடுத்த வரியைத் தானே இழுத்து வருகிறது. அதில் வலப்பக்க மூளைக்கும் பங்கு உண்டு. பேச முடியாத ஒருவர் தேவாலயப் பாடல்களைப் பாடியதை 18ஆம் நூற்றாண்டிலேயே சுவீடனில் எழுதிவைத்திருக்கிறார்கள்.

ஆனால் தேவாரம் பாடுவதாலேயே பேச்சு திரும்பிவிடாது. பாடத் திறந்திருக்கும் அந்த வழியில் அவருக்கு அன்றாடம் தேவையான சொற்களைக் கொண்டுவர வேண்டும். அதற்குத்தான் சிகிச்சை.

தோ பாயோவிலிருந்து: அதை எப்படிச் செய்வார்கள்?

1973இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவர் அறிமுகப்படுத்திய 'மெலோடிக் இன்டோனேஷன் தெரபி'தான் பரவலான முறை. "தண்ணீர் கொடு" என்பதை எடுத்துக்கொள்வோம். தண்–ணீர்–கொ–டு, நான்கு ஒலித்துண்டுகள். சிகிச்சையாளர் எதிரில் அமர்ந்து நோயாளியின் இடது கையைப் பிடித்து, ஒவ்வொரு துண்டுக்கும் மேசையில் ஒரு தட்டுத் தட்டவைப்பார். சுரங்கள் இரண்டே: ஒன்று மேலே, ஒன்று கீழே. முதலில் வாயை மூடிக்கொண்டு மெட்டை மட்டும் முனக வேண்டும். பிறகு சொற்களோடு இருவரும் சேர்ந்து பாட வேண்டும். அடுத்த முறை சிகிச்சையாளர் பாதியில் குரலைத் தணித்து நிறுத்திக்கொள்வார். மீதியை நோயாளியே முடிக்க வேண்டும். பிறகு கேட்டுத் திரும்பச் சொல்வது. அதன்பின் "என்ன வேண்டும்?" என்ற கேள்விக்கு அதே தொடரைப் பதிலாகச் சொல்வது.

அது கைவந்ததும் சுரத்தைப் படிப்படியாகக் கழற்றி, சாதாரணப் பேச்சின் ஏற்ற இறக்கத்துக்குக் கொண்டுவருவார்கள். சிகிச்சையின் உயிர் இந்தக் கடைசிப் படியில்தான் இருக்கிறது. பாட்டு வந்த மகிழ்ச்சியிலேயே பல குடும்பங்கள் நின்றுவிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது.

இடது கை ஏன் என்றால், வலது கை பெரும்பாலும் செயலிழந்திருக்கும். இடது கையை இயக்குவது வலப்பக்க மூளை. அதையும் வேலைக்கு இழுப்பது நோக்கம்.

பிடோக்கிலிருந்து: எனக்குச் சுருதியே சேராது. நான் வீட்டில் பயிற்சி தரலாமா?

தாராளமாக. 2011இல் ஜெர்மனியில் பெஞ்சமின் ஷ்டால் குழுவினர் 17 நோயாளிகளை ஆராய்ந்தபோது, பாடுவது தாளத்தோடு பேசுவதைவிட அதிகம் உதவவில்லை. தாளமும் பழகிய தொடர்களுமே கைகொடுத்தன. மெட்டா, தாளமா என்ற வாதம் ஆய்வாளர்களிடையே நீடிக்கிறது. நான் மெட்டை விடுவதில்லை, ஏனென்றால் பேசச் சொன்னால் தலைகுனிபவர்கள் பாடச் சொன்னால் நிமிர்கிறார்கள். நீங்கள் தாளத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். சிகிச்சையாளர் தரும் தொடர்களை மெதுவாக, ஒரே சீராகத் தட்டிச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸிலிருந்து: அம்மா சரளமாகப் பேசுகிறார். ஆனால் சொற்களில் பொருளே இல்லை.

இந்த முறை அவருக்குப் பொருந்தாது. புரிதல் நன்றாக இருந்து சொல் வராமல் திணறுபவர்களுக்கானது இது. அம்மாவுக்குப் புரிதலை மீட்கும் பயிற்சி வேறு இருக்கிறது.

ஜூரோங்கிலிருந்து: தம்பிக்கு மோட்டார்சைக்கிள் விபத்தில் தலையில் அடி. இரண்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. காலம் கடந்துவிட்டதா?

கதவு மூடிவிடவில்லை. 2011இல் தலையில் குண்டடிபட்ட அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் கேப்ரியல் கிஃபர்ட்ஸின் மீட்சியிலும் இசை சிகிச்சைக்கு இடம் இருந்தது. ஆனால் விபத்துக் காயம் மூளையில் பல இடங்களைத் தொட்டிருக்கலாம். கவனமும் நினைவும் எப்படி இருக்கின்றன என்று முதலில் சோதிக்க வேண்டும்.

உழைப்பும் பெரியது. பாஸ்டனில் காட்ஃப்ரீட் ஷ்லாக் குழுவினர் நாளுக்கு ஒன்றரை மணி நேரம், வாரத்தில் ஐந்து நாள், 70க்கும் மேற்பட்ட அமர்வுகள் நடத்தினார்கள். சிலருக்கு வலப்பக்க மூளையின் நரம்பிழைக் கற்றை வலுத்ததை 2009இல் வெளியிட்டார்கள். இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள்: பழகிய தொடர்கள்தான் நன்றாக மேம்படும், பழகாதவை அவ்வளவு எளிதில் வருவதில்லை. ஆகவே தம்பிக்கு எந்தத் தொடர்கள் வேண்டுமென்று அவரிடமே படம் காட்டிக் கேளுங்கள். "வலிக்கிறது", "தனியாக இருக்க விடு" போன்றவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

செங்காங்கிலிருந்து: சிகிச்சையாளருக்குத் தமிழ் தெரியாது. பகலில் அப்பாவுடன் இருப்பது இந்தோனீசியப் பணிப்பெண்.

சிங்கப்பூரில் இது பல குடும்பங்களின் நிலைமை. அப்பாவுக்கு மனத்துக்கு நெருக்கமான மொழி தமிழ் என்றால் சிகிச்சையாளரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். அப்பா வீட்டில் சொல்லும் விதத்திலேயே பத்துத் தொடர்களைக் கைப்பேசியில் பதிந்து, ஒலித்துண்டுகளை ரோமன் எழுத்தில் பிரித்து எழுதிக்கொடுங்கள். சிகிச்சையாளருக்கும் பணிப்பெண்ணுக்கும் அதே தாள் போதும். பணிப்பெண்ணையும் ஒரு முறை அமர்வுக்கு அழைத்துச் செல்லுங்கள். கையைப் பிடித்துத் தட்டும் வேகத்தைப் பார்த்துத்தான் கற்க முடியும். ஒலி 96.8 நாள் முழுவதும் ஓடட்டும் என்று விட்டுவிடாதீர்கள், பயிற்சி நேரத்தில் வானொலி இடைஞ்சல். மற்ற நேரத்தில் பிடித்த பாடல்களைக் கேட்பது மனத்துக்கு நல்லது.

மீண்டும் பிடோக்கிலிருந்து, வேறொருவர்: இன்று காலையிலிருந்து அம்மாவின் பேச்சு திடீரென்று மறுபடி குழறுகிறது. பயிற்சியைக் கூட்டலாமா?

வேண்டாம். அது மறுபடி பக்கவாதமாக இருக்கலாம். உடனே 995ஐ அழையுங்கள். குழறல் எத்தனை மணிக்குத் தொடங்கியது என்பதை ஆம்புலன்ஸில் வருபவர்களிடம் சொல்லுங்கள்.