ப்ராசஸரை மாற்றலாம், போர்டைத் தொட வேண்டாம்

கேள்வி: 2020இல் அசெம்பிள் செய்த கணினி வைத்திருக்கிறேன். ரைசன் 5 3600 ப்ராசஸர், பி450 மதர்போர்டு, 16 ஜிபி டிடிஆர்4 ராம். பிறகு ஆர்டிஎக்ஸ் 3060 கிராபிக்ஸ் கார்டும் 144 ஹெர்ட்ஸ் மானிட்டரும் வாங்கினேன். வாலரண்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் 2 ஆடும்போது சண்டை மூண்டால் காட்சி திக்குகிறது. இணையத்தில் உள்ள ‘பாட்டில்நெக்’ கணக்குக் கருவி ப்ராசஸர்தான் தடை என்கிறது. சென்னை ரிச்சி தெருவில் ஒரு கடையில் விசாரித்தேன். ப்ராசஸர், போர்டு, ராம் மூன்றையும் மாற்றினால்தான் பயன், 52,000 ரூபாய் ஆகும், பழையவற்றை நாங்களே எடுத்துக்கொள்கிறோம் என்றார்கள். மாற்றிவிடலாமா?
– கல்லூரி மாணவர், திருச்சி

பதில்: பணத்தை வெளியே எடுக்காதீர்கள். மூன்றையும் மாற்றும் நிலை உங்களுக்கு வரவில்லை. ப்ராசஸரை மட்டுமாவது மாற்ற வேண்டுமா என்பதும் ஒரு சோதனையை முடித்த பிறகுதான் தெரியும். அதற்கு ஒரு மாலைப்பொழுது போதும், காசு செலவில்லை.

அந்தக் கணக்குக் கருவியை நம்பாதீர்கள். உங்கள் ராம் எப்படிப் பொருத்தப்பட்டிருக்கிறது, கூலரில் எவ்வளவு தூசி படிந்திருக்கிறது என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. இரண்டு மாடல் பெயர்களை வாங்கிக்கொண்டு ஒரு சதவீதத்தைச் சொல்கிறது, அவ்வளவுதான். தடை ஒரே இடத்தில் நிலையாக இருப்பதும் இல்லை. ஒரே கணினியில் வாலரண்ட் ஆடும்போது ப்ராசஸர் திணறும், சைபர்பங்க் 2077 ஆடும்போது கிராபிக்ஸ் கார்டு திணறும்.

சோதனை இதுதான். ஃப்ரேம் எண்ணிக்கையை, அதாவது திரையில் நொடிக்கு எத்தனை படம் வருகிறது என்பதை, மட்டுப்படுத்தும் வி-சிங்க்கையும் ஃப்ரேம் வரம்பையும் விளையாட்டின் அமைப்பில் அணைத்துவிடுங்கள். வழக்கமான 1080பி ரெசல்யூஷனில், கூட்டமான ஓரிடத்தில் ஃப்ரேம் எண்ணிக்கை எவ்வளவு என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ரெசல்யூஷனை மட்டும் 720பிக்கு இறக்கி, அதே இடத்தில் பாருங்கள். ஃப்ரேம் தாவி ஏறினால் அதுவரை இழுத்துப் பிடித்தது கிராபிக்ஸ் கார்டு. எண்ணிக்கை அப்படியே நின்றால் ப்ராசஸர் அல்லது ராம். ப்ராசஸர் பயன்பாடு 40 சதவீதம்தான் காட்டுகிறது என்று ஏமாந்துவிடாதீர்கள். ப்ராசஸருக்குள் தனித்தனியாக வேலை செய்யும் பகுதிகள்தான் கோர்கள்; விளையாட்டின் முக்கிய வேலை அவற்றில் ஓரிரண்டின் தலையில் விழுவதால், மற்றவை சும்மா இருக்க அவை மட்டும் மூச்சுத் திணறும். மொத்தச் சராசரியில் அது தெரியாது.

ப்ராசஸர் பக்கம்தான் என்று தெரிந்தாலும் கடைக்கு ஓட வேண்டாம். டாஸ்க் மேனேஜரைத் திறந்து ‘பெர்ஃபார்மன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைப் பாருங்கள். எத்தனை ஸ்லாட் நிரம்பியிருக்கிறது, ராம் எந்த வேகத்தில் ஓடுகிறது என்று அங்கே இருக்கும். அசெம்பிள் செய்து தருபவர்கள் 16 ஜிபியை ஒரே துண்டாகப் போட்டுவிட்டு, “பின்னால் இன்னொன்று சேர்த்துக்கொள்ளலாம்” என்பது வழக்கம். வாங்கியவரும் அதை மறந்துவிடுவார். ஒற்றைத் துண்டு என்றால் ப்ராசஸருக்கும் ராமுக்கும் இடையே பாதிப் பாதைதான் திறந்திருக்கிறது. இரண்டு துண்டுகள் இருந்தும், நான்கு ஸ்லாட் போர்டில் அவற்றை ப்ராசஸரிலிருந்து எண்ணினால் இரண்டாவதிலும் நான்காவதிலும் செருகாமல், முதல் இரண்டில் அடுத்தடுத்துச் செருகியிருப்பவர்களும் உண்டு. வேகம் 2133 அல்லது 2400 என்று காட்டினால், 3200 வேக ராமுக்கு நீங்கள் கொடுத்த பணம் இத்தனை ஆண்டுகளாக வீணாகியிருக்கிறது. கணினி துவங்கும்போது முதலில் ஓடும் போர்டின் அடிப்படை மென்பொருளான பயாஸில் எக்ஸ்எம்பி என்ற அமைப்பை இயக்க வேண்டும். சில போர்டுகளில் அதன் பெயர் டிஓசிபி. ரைசன் ப்ராசஸரின் உள் இணைப்பு ராமின் வேகத்தோடு சேர்ந்தே ஓடுவதால், இந்த ஒன்றிலேயே திக்கல் பெருமளவு குறைய வாய்ப்புண்டு.

கையோடு, விண்டோஸ் டிஸ்ப்ளே அமைப்பில் மானிட்டர் உண்மையிலேயே 144 ஹெர்ட்ஸில்தான் ஓடுகிறதா என்றும் பாருங்கள்.

இவ்வளவுக்குப் பிறகும் திக்கினால் ப்ராசஸரை மாற்றலாம், அதே போர்டில். “பி450இல் 5000 வரிசை உட்காராது” என்று யாராவது சொன்னால், அது 2020 மே மாதச் செய்தி. ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டி அப்போது அப்படித்தான் அறிவித்தது. வாங்கியவர்கள் கொதித்தெழுந்ததும் அந்த முடிவைத் திரும்பப் பெற்றது. பயாஸைப் புதுப்பித்தால் ரைசன் 5 5600 உங்கள் போர்டில் ஓடும். 3600இல் ஆறு கோர்களும் மூன்று மூன்றாகப் பிரிந்து, ஆளுக்கு 16 எம்பி கேஷை, அதாவது ப்ராசஸருக்குள்ளேயே இருக்கும் அதிவேக நினைவகத்தை, வைத்திருந்தன. 5600இல் ஆறும் சேர்ந்து 32 எம்பியைப் பகிர்ந்துகொள்கின்றன. விளையாட்டுகளில் வித்தியாசம் தெரிவதற்கு இது ஒரு முக்கியக் காரணம். இரண்டுமே 65 வாட் என்பதால் கணினிக்கு மின்சாரம் தரும் எஸ்எம்பிஎஸ்ஸையும் மாற்ற வேண்டாம். 96 எம்பி கேஷ் கொண்ட 5700எக்ஸ்3டி இன்னும் சிறந்தது. ஆனால் புதிதாகக் கிடைப்பது அரிதாகிவிட்டது, வாரண்டி இல்லாத சரக்கே அதிகம் சுற்றுகிறது.

கடையில் மிகவும் கவனமாக இருக்க வேண்டிய இடம் மாடல் எண். 5600 கேட்டால் “அதேதான் சார்” என்று 5500ஐயோ 5600ஜியையோ நீட்டுவார்கள். அவை இரண்டிலும் கேஷ் 16 எம்பிதான், கிராபிக்ஸ் கார்டை இணைக்கும் பிசிஐஇ பாதையும் பழைய தலைமுறை. இதைவிட மோசம் ரைசன் 7 5700. 5700எக்ஸில் 32 எம்பி, எக்ஸ் இல்லாத 5700இல் 16 எம்பி. பெயரில் பெரிய எண்ணைப் பார்த்து, 5600ஐ விட உயர்ந்தது என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கியவர்களின் கடிதங்கள் எனக்கு வந்துகொண்டே இருக்கின்றன. வேறு வேறு சிப்புகளுக்கு ஓரெழுத்து வித்தியாசத்தில் பெயர் வைக்கும் நிறுவனத்தை நம் நாட்டில் யாரும் கேள்வி கேட்பதில்லை. பிஸ்கெட் பாக்கெட்டில் உள்ளே இருப்பதையெல்லாம் அச்சிட வைக்கும் சட்டம், பல ஆயிரம் ரூபாய் சிப் விஷயத்தில் மட்டும் ஏன் கண்ணை மூடிக்கொள்கிறது?

அடுத்தது ட்ரே பீஸ். பெட்டி இல்லாமல், கணினி தயாரிப்பாளர்களுக்கு மொத்தமாகப் போக வேண்டிய ப்ராசஸர் இது. விலை குறைவாக இருக்கும். ஆனால் பெட்டியில் வரும் ப்ராசஸருக்கு ஏஎம்டி தரும் மூன்றாண்டு வாரண்டி இதற்குக் கிடையாது, விற்றவர்தான் பொறுப்பு. ஆறு மாதம் கழித்து அவர் கடையே அங்கே இல்லாமல் போகலாம். சீல் உடையாத பெட்டியையே வாங்குங்கள். பெட்டியின் சிறு ஜன்னல் வழியாகத் தெரியும் சீரியல் எண்ணும் லேபிளில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்து, அதே எண்ணை பில்லில் எழுதச் சொல்லுங்கள். “பில் வேண்டாம் என்றால் ஜிஎஸ்டி 18 சதவீதம் மிச்சம்” என்பவரிடம் எதையும் வாங்காதீர்கள். பில் இருந்தால்தான் நுகர்வோர் உதவி எண் 1915இல் உங்கள் புகார் நிற்கும்.

பழைய பாகங்களை எடுத்துக்கொள்கிறோம் என்பதும் உங்களுக்குச் செய்யும் உதவி அல்ல. 2025 இறுதியிலிருந்து ராம் விலை கண்டபடி ஏறிவிட்டது. செயற்கை நுண்ணறிவு டேட்டா சென்டர்களுக்கே சிப்புகள் போய்ச் சேர்கின்றன. ஏஎம்டியின் புதிய சாக்கெட்டான ஏஎம்5 கொண்ட போர்டுக்கு டிடிஆர்5 ராமைப் புதிதாக வாங்க வேண்டும், விலை ஏறிய உங்கள் டிடிஆர்4ஐக் கடைக்காரர் சொல்லும் விலைக்கு விட்டுக்கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும் நஷ்டம் உங்களுக்கே.

மொத்தமாக மாற்றத்தான் வேண்டும் என்று நானே சொல்லும் ஒரு சாரார் உண்டு. உங்கள் நண்பர்களில் யாராவது இருக்கலாம் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். ஐ5 7400 போன்ற ஆறாம், ஏழாம் தலைமுறை இன்டெல் வைத்திருப்பவர்கள் அவர்கள். நான்கு கோர், நான்கே த்ரெட் (ஒரே நேரத்தில் நான்கு வேலை ஓட்டங்கள்) என்பது இன்றைய விளையாட்டுகளுக்குப் போதாது. விண்டோஸ் 11 ஆதரவுப் பட்டியலிலும் அந்த ப்ராசஸர்கள் இல்லை. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று முடித்துவிட்டது. இவர்களிடம்தான் “எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151 சாக்கெட்தான்” என்று பழைய ஐ5 8400ஐத் தள்ளிவிடுகிறார்கள். சாக்கெட்டின் பெயர் ஒன்றுதான், ப்ராசஸரும் அழகாக உள்ளே உட்காரும். ஆனால் அவர்களிடம் உள்ள எச்110, பி250 போன்ற பழைய போர்டுகளில் கணினி உயிர் பெறாது. எட்டாம் தலைமுறைக்கு 300 வரிசை சிப்செட் (போர்டின் கட்டுப்பாட்டுச் சிப்) வேண்டும் என்று இன்டெல் பிரித்துவிட்டது. அந்தப் போர்டுகளுக்கு எட்டும் உச்சம் ஐ7 7700 வகைதான். அதைப் பழைய சந்தையில் வாங்கிப் போடுவதும் பணத்துக்குக் கேடு. அவர்கள் போர்டு, ப்ராசஸர், ராம் மூன்றையும் மாற்றட்டும். நீங்கள் அந்த வரிசையில் இல்லை.

மாற்றும் வேலையில் வரிசை தவறக் கூடாது. பழைய ப்ராசஸர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். போர்டில் அச்சிட்டிருக்கும் மாடலையும் ரிவிஷன் எண்ணையும் பார்த்து, தயாரிப்பாளர் தளத்தில் அதற்கே உரிய கோப்பை எடுக்க வேண்டும். யுபிஎஸ் இல்லாமல் இதில் இறங்காதீர்கள். நடுவில் மின்சாரம் போனால் போர்டு செத்துவிடும். விண்டோஸின் டிஸ்க் பூட்டான பிட்லாக்கர் இயங்கினால் அதை முன்கூட்டியே நிறுத்திவைத்து, ரெக்கவரி கீயை எழுதிக்கொள்ளுங்கள். ப்ராசஸர் மாறியதும் விண்டோஸ் அதைக் கேட்கக்கூடும்.

கூலரை எடுக்கும் முன் பத்து நிமிடம் ஏதாவது விளையாட்டை ஓட்டுங்கள். தெர்மல் பேஸ்ட் இளகும். பிறகு கணினியை அணைத்து, மின்கம்பியைப் பிடுங்கி, திருகுகளைக் கழற்றி, கூலரை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகியபடி எடுங்கள். நேராக இழுத்தால், பூட்டியிருக்கும் சாக்கெட்டிலிருந்து ப்ராசஸரும் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். உங்கள் போர்டின் சாக்கெட்டான ஏஎம்4இல் மெல்லிய பின்கள் ப்ராசஸரின் அடியில்தான் இருக்கின்றன. வளைந்த பின்னோடு உங்கள் 3600ஐ நல்ல விலைக்கு விற்க முடியாது.

720பி சோதனையில் கிராபிக்ஸ் கார்டுதான் தடை என்று தெரிந்தால் இதில் எதுவும் வேண்டாம். எஸ்எம்பிஎஸ்ஸின் மாடலைக் குறிப்பிட்டு மீண்டும் எழுதுங்கள். எந்தக் கார்டை அது தாங்கும் என்று பார்த்துச் சொல்கிறேன்.