மூன்று பென்ஸ் வரிக்காகப் பிரிந்தது நியாயமா?

கேள்வி: தேயிலைக்குப் பவுண்டுக்கு மூன்று பென்ஸ் வரி. அதற்காக அமெரிக்கக் குடியேற்றக்காரர்கள் பிரிட்டிஷ் மன்னரை உதறியது சரியா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: வரியின் அளவை மட்டும் பார்த்தால் சரியில்லை. 1773 தேயிலைச் சட்டத்தால் விலை குறையவே செய்தது. சிக்கல் அதிகாரத்தில் இருந்தது. 1766-ல் முத்திரை வரியை ரத்து செய்த கையோடு, குடியேற்றங்களுக்கு எந்த விஷயத்திலும் சட்டம் போடும் உரிமை தனக்கு உண்டு என்று லண்டன் நாடாளுமன்றம் அறிவித்தது. அங்கே அமெரிக்கர்கள் தேர்ந்தெடுத்த உறுப்பினர் ஒருவர்கூட இல்லை. 1774-ல் அந்த உரிமை என்ன செய்யும் என்று தெரிந்தது. பாஸ்டனில் குடியேற்றக்காரர்கள் தேயிலையைக் கடலில் கொட்டியதற்குத் தண்டனையாக அந்த ஊர்த் துறைமுகத்தை மூடினார்கள். மாசசூசெட்ஸ் மேலவைக்குத் தேர்தல் போய், மன்னரின் நியமனம் வந்தது. ஆண்டுக்கு ஒன்றுக்கு மேல் ஊர்க்கூட்டம் நடத்த ஆளுநரின் அனுமதி வேண்டும் என்றார்கள். 1775 ஜூலையில் அமெரிக்கர்கள் அனுப்பிய சமாதான மனுவை மூன்றாம் ஜார்ஜ் வாங்கவே மறுத்து, ஆகஸ்டில் அவர்களைக் கலகக்காரர்கள் என்று பிரகடனம் செய்தார். அதற்குப் பிறகு பிரிந்தது நியாயமே.

ஆனால் அவர்களுடைய எல்லாக் குறைகளும் நியாயமானவை அல்ல. அப்பலாச்சியன் மலைக்கு மேற்கே பூர்வகுடிகளின் நிலத்தில் குடியேறக் கூடாது என்ற 1763 தடையும் அவர்களுக்குக் கசந்தது. அடிமை வணிகத்தைக் கண்டித்து ஜெபர்சன் சுதந்திரப் பிரகடனத்தின் வரைவில் எழுதிய பத்தியை 1776-ல் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் அவையான காங்கிரஸே நீக்கிவிட்டது.

கேள்வி: பாஸ்டனில் கடலில் கொட்டியது இந்தியத் தேயிலையா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: இல்லை, 342 பெட்டிகளும் சீனத் தேயிலை. கிழக்கிந்தியக் கம்பெனி காண்டனில் வாங்கிய சரக்கு. அசாம் தேயிலை 1830-களில்தான் லண்டன் சந்தைக்கு வந்தது.