வாசகர் கேள்வி–பதில்: கைப்பேசித் திரையில் இதயம்

கேள்வி: செவிலியர் பட்டப்படிப்பின் முதலாண்டு மாணவியருக்கு உடற்கூறியலும் உடலியங்கியலும் இணையவழியில் நடத்துகிறேன். முப்பரிமாண இதய மாதிரியைத் திரையில் சுழற்றிக் காட்டும்போது எல்லோரும் புரிந்துவிட்டது என்கிறார்கள். தேர்விலோ பாதிப் பேர் வலது மேலறையை இடது மேலறை என்று குறித்துவிடுகிறார்கள். நான் எங்கே தவறுகிறேன் ஐயா?
– கல்லூரி விரிவுரையாளர், தண்டையார்பேட்டை

பதில்: மாதிரியைச் சுழற்றும் கை தங்களுடையதாக இருக்கும் வரை மாணவியருக்கு அது வேடிக்கை பார்க்கும் படம்தான். சுழற்றும் வேலையை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள். பெயர்ச்சீட்டுகளை மறைத்துவிட்டு, “நான்கு நுரையீரல் சிரைகளும் ஒருசேரத் தெரியும்படி இதயத்தை நிறுத்தி ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புங்கள்” என்று கேட்டுப் பாருங்கள். சிரைகள் நான்கும் இடது மேலறையில் சேர்கின்றன, அந்த அறை இதயத்தின் பின்புறத்தில் இருக்கிறது என்பதைத் தாமே கண்டுபிடித்தால்தான் அந்தப் படத்தை அனுப்ப முடியும். கண்டுபிடித்தவர்கள் அதை மறப்பதில்லை.

வலது, இடது குழப்பத்திற்குக் காரணம் எளியது. எதிரில் நிற்பவரின் வலக்கை நமக்கு இடப்பக்கம் தெரிவதுபோல, படத்தில் நம் இடப்பக்கம் இருப்பது அந்த உடலின் வலப்பக்கம். இதை எத்தனை முறை வாயால் சொன்னாலும் பலருக்கு மனத்தில் நிற்பதில்லை. ஆகவே கண்ணாடி முன் நின்று, திரை வெளிப்பக்கம் பார்க்கும்படி கைப்பேசியைத் தம் மார்பின் மேல் வைத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். படத்திலுள்ள வலது மேலறை தம் வலத் தோள் பக்கமே வந்து நிற்பதை அவர்களே பார்ப்பார்கள். பிறகு இடப்பக்க ஐந்தாவது விலா இடைவெளியில், காறை எலும்பின் நடுப்பகுதிக்கு நேர் கீழே, இதய நுனியின் துடிப்பை விரலால் தேடட்டும். ஒல்லியானவர்களுக்கு எளிதில் கிடைக்கும். சிலருக்கு இடப்பக்கமாகச் சாய்ந்து படுத்தால்தான் கிடைக்கும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். திரையில் எல்லா உறுப்பும் ஒரே வழவழப்புடன் தோன்றும். தசையின் தடிப்பும் இறுக்கமும் விரலுக்கு எட்டாது. நான் பணியிலிருந்த கடைசி ஆண்டில், ராயபுரத்திலிருந்து இணைய வகுப்பில் சேர்ந்த ஒரு மாணவி கறிக்கடையில் ஓர் ஆட்டு இதயத்தை வாங்கிவந்து, எவர்சில்வர் தட்டில் வைத்துக் கேமரா முன் காட்டினார். மேலே உள்ள குழாய்களை ஒட்ட நறுக்காமல் கொடுங்கள் என்று கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லியிருந்தார். பெருந்தமனிக்குள் உறைந்திருந்த இரத்தத்தைக் கழுவிவிட்டு, மேலிருந்து மெல்லத் தண்ணீர் ஊற்றினார். அடியிலிருந்த வால்வின் மூன்று இதழ்களும் ஒன்றோடொன்று சேர்ந்து மூடிக்கொள்ள, தண்ணீர் குழாயிலேயே தேங்கி நின்றது. பிறகு கீழறைகளைக் கத்தியால் பிளந்து, இரண்டு சுவர்களையும் விரல்களுக்கிடையே பிடித்துக் காட்டினார். வலது சுவர் மெல்லியது. இடது சுவர் அதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். பக்கத்திலேயே உள்ள நுரையீரலுக்கு அனுப்ப வலது கீழறைக்கு ஏறத்தாழ 25 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் போதும். உடல் முழுவதற்கும் அனுப்பும் இடது கீழறைக்கு 120 தேவைப்படுகிறது. இந்த இரண்டு எண்களையும் அன்று நான் மனப்பாடம் செய்யச் சொல்லவே இல்லை.

கேள்வி: நரம்பு மின்துடிப்புப் பாடத்தை எப்படி நடத்தினாலும் மாணவர்கள் சோர்ந்துவிடுகிறார்கள். பலரிடம் கைப்பேசி மட்டுமே இருக்கிறது, டேட்டாவும் குறைவு. ஏதாவது வழி உண்டா?
– பிசியோதெரபி விரிவுரையாளர், வியாசர்பாடி

பதில்: உண்டு. அமெரிக்காவின் கொலராடோ பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் கார்ல் வைமன் 2002ஆம் ஆண்டு தொடங்கிய ‘ஃபெட்’ என்ற இலவசச் செயல்விளக்கத் தொகுப்பில் நியூரான் (நரம்பணு) பற்றிய ஒன்று இருக்கிறது; செயலி எதையும் நிறுவாமல் உலாவியிலேயே திறக்கலாம். பாடநூலுக்கு ‘ஓப்பன்ஸ்டாக்ஸ்’ வெளியிட்டுள்ள இலவச நூல் போதும்.

ஆனால் பொத்தானை உடனே அழுத்த விடாதீர்கள். ஓய்வில் நரம்பணுச் சவ்வின் உட்புறம் ஏறத்தாழ மைனஸ் 70 மில்லிவோல்ட் இருக்கிறது; தூண்டினால் முதலில் எந்த அயனி எந்தத் திசையில் பாயும் என்பதை ஒவ்வொருவரும் எழுதி அனுப்பிய பிறகே அழுத்தச் சொல்லுங்கள். சோடியம் உள்ளே பாய்வதைப் பெரும்பாலோர் சரியாகச் சொல்வார்கள். அடுத்து மின்னழுத்தம் பழைய நிலைக்கு இறங்குவது எதனால் என்று கேட்டால், சோடியம்–பொட்டாசியம் பம்ப் என்று எழுதுவார்கள். நான் கண்டவரை இந்தப் பாடத்தில் மிகப் பிடிவாதமான தவறு இதுதான். செயல்விளக்கத்தை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால், பொட்டாசியம் வாயில்கள் திறந்து அந்த அயனிகள் வெளியேறுவதால்தான் வரைகோடு இறங்குகிறது என்பது கண்ணுக்குத் தெரியும். பம்ப் நெடுநேரம் உழைத்து அயனிகளின் செறிவு வேறுபாட்டைக் காத்துவருகிறது; அந்த ஒரு நொடிக்கும் குறைந்த இறக்கத்தில் அதன் பங்கு மிகச் சிறிது. தாம் எழுதிய தவறான விடை திரைக்கு அருகிலேயே இருக்கும்போது, சோர்வதற்கு அவர்களுக்கு நேரம் இருக்காது.

டேட்டாவே செலவாகாத கருவி ஒன்று ஒவ்வொருவர் மணிக்கட்டிலும் இருக்கிறது. உட்கார்ந்த நிலையில் நாடித்துடிப்பை எண்ணி, வீட்டுவசதி வாரியக் குடியிருப்பின் படிக்கட்டில் மூன்று மாடி ஏறி இறங்கி, மறுபடி எண்ணட்டும். (ஆஸ்துமா, இதயக் கோளாறு உள்ளவர்களை ஏறச் சொல்லாதீர்கள்.) எண்களைப் பொது அட்டவணையில் எல்லோரும் பதிந்தால் வகுப்பின் தரவு தயார். இதயம் துடிப்புக்கு 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது, நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 5 லிட்டர். மாலையில் கால்பந்து ஆடுபவரின் ஓய்வு நாடி ஏன் குறைவாக இருக்கிறது என்ற கேள்வி அந்த அட்டவணையிலிருந்து தானாகவே எழும்.

கேள்வி: மகள் கல்லூரியில் சேர்ந்திருக்கிறாள். மெய்நிகர்க் காட்சிக் கண்ணாடி வாங்கினால்தான் உடற்கூறியல் புரியும் என்று யாரோ சொன்னார்களாம். கடன் வாங்கியாவது வாங்கித் தரட்டுமா ஐயா?
– ஒரு தாய், காசிமேடு

பதில்: வேண்டாம் அம்மா. அதற்காகக் கடன் வாங்காதீர்கள். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம், இறந்தபின் உடலைக் கொடையாகத் தந்த ஓர் ஆணின் உடலை 1 மில்லிமீட்டர் இடைவெளியில் குறுக்குவாட்டாக வெட்டிப் படமெடுத்து 1994இல் வெளியிட்டது. மறு ஆண்டு ஒரு பெண்ணின் உடலை அதனினும் நுட்பமாக, மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இடைவெளியில் வெளியிட்டது. அந்தப் படங்களை இன்று கட்டணமின்றிப் பார்க்கலாம். தங்கள் மகளுக்கு வரிக்கோடில்லாத நோட்டு ஒன்றும் வண்ணப் பென்சில்களும் வாங்கிக் கொடுங்கள். திரையில் பார்த்த உறுப்பைத் திரையை மூடிவிட்டு அவர் வரையட்டும்; பிறகு திறந்து, தவறிய இடத்தைச் சிவப்பால் திருத்தட்டும். கல்லூரி ஆய்வகத்தில் எலும்பைக் கையில் எடுத்துப் பார்க்க அழைக்கும் நாள்களில் மட்டும் ஒருநாளும் விடுப்பு எடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.