நார்ச்சத்து தினமும் அவ்வளவு முக்கியமா? பவுடர் வாங்கி குடிச்சா போதாதா?

முக்கியம்தாங்க. ரெண்டு வருஷம் மலச்சிக்கல்ல அவதிப்பட்டவன் நான், அனுபவிச்சதத்தான் சொல்றேன்.

எங்க ஊரு பென்னாகரம் பக்கம். சின்ன வயசுல ராத்திரினா வீட்ல களிதான். அம்மா உலை வச்சு நொய்யப் போட்டு, அது நல்லா குழைஞ்சதும் ராகி மாவ நடுவுல குமிச்சு மூடி வச்சுட்டு, அப்புறம் இறக்கி துடுப்பால கிண்டுவாங்க பாருங்க, ஒரு கட்டி இருக்காது. கையில தண்ணி தொட்டு உருட்டி, தட்டுல வச்சு குழி பண்ணி, கீரைக் கடைசலோ மொச்சக்கொட்ட குழம்போ ஊத்துவாங்க. அப்பல்லாம் வயிறுன்னு ஒண்ணு இருக்கறதே ஞாபகம் வராது.

ஓசூர்ல கம்பெனி வேலைக்கு போனேன், எல்லாம் மாறிடுச்சு. காலைல கேன்டீன் பூரி, மதியம் வெள்ளை சோறு, ஷிப்ட் முடிஞ்சு ரூமுக்கு வர்ற வழியில புரோட்டா, மெஷினை விட்டு நகர முடியாதுன்னு தண்ணியும் குடிக்கறதில்ல. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் போவேன், முக்கி முக்கி ஆசனவாய்ல வெடிப்பே வந்துடுச்சு, உக்காந்தா எரியும். டாக்டர் மருந்து எழுதிட்டு, நேத்து காலைல இருந்து என்ன சாப்பிட்டன்னு வரிசையா கேட்டாரு. சொன்னேன். "இதுல நார் எங்கப்பா இருக்கு?"ன்னாரு, எனக்கு பதில் இல்ல.

கணக்க பாருங்க. ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017ல போட்ட அட்டவணைப்படி 100 கிராம் ராகில சுமார் 11 கிராம் நார் இருக்கு, கம்புலயும் அதே அளவுதான், தீட்டுன அரிசிலயும் மைதாலயும் 3 கிராம் கூட இல்ல. பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கு குறைஞ்சது 25 கிராம் வேணும்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. வெறும் சோறும் புரோட்டாவும் தின்னா அதுல பாதிய தொடறதே கஷ்டம்.

இந்த நார் நமக்கு செரிக்காது, செரிக்காததுதான் அதோட வேலையே. தவிடு, கீரைத்தண்டுல இருக்கற கரையாத நார் மலத்துக்கு கனம் குடுத்து தள்ளிவிடும். பயறு, அவரை, கொய்யால இருக்கற கரையற நார் தண்ணிய இழுத்து கொழகொழன்னு ஆகி சக்கரை ரத்தத்துல ஏறறத மெதுவாக்கும், கொழுப்பு செரிக்க கல்லீரல் சுரக்கற பித்தநீரையும் புடிச்சு வெளிய கொண்டு போயிடும், அப்ப புது பித்தநீர் செய்ய கல்லீரல் ரத்தத்துல இருக்கற கொலஸ்ட்ராலை எடுத்துக்கும். மிச்சத்த பெருங்குடல்ல இருக்கற பாக்டீரியா தின்னு, குடல் சுவருக்கே தீனியாகற அமிலத்த உண்டாக்குது. இத படிச்சப்பதான் எனக்கு நார் மேல மரியாதையே வந்துச்சு.

நான் பண்ண தப்பையும் சொல்லிடறேன், அவசரத்துல மொத வாரமே ரெண்டு வேளை களி, ஒரு வேளை சுண்டல்னு எறங்கிட்டேன், வயிறு உப்பி கேஸ் புடிச்சு தூக்கமே போச்சு. ரெண்டு மூணு வாரமா கொஞ்சம் கொஞ்சமா ஏத்துங்க, தண்ணி கூடவே ஏறணும், தண்ணி இல்லாம நார மட்டும் தின்னா இன்னும் இறுகிடும். ராகி மாவ நைசா வேணும்னு சலிச்சு தவிட கொட்டிடாதீங்க. சுகர் இருக்கறவங்க ராகிதானேன்னு சொம்பு சொம்பா கூழ் குடிக்க வேணாம், அதுலயும் மாவுச்சத்து நிறைய, அளவா களி, கூட நிறைய கீரைன்னு வச்சுக்கங்க.

பவுடர் கேட்டீங்கல்ல, இசப்கோல்னு ஒரு விதையோட உமில இருந்து வர்ற நார் பவுடர் இருக்கு, அது தப்பில்ல, நிறைய தண்ணில கலந்து குடிங்க, வேற மாத்திரை போடறவங்க டாக்டர்கிட்ட கேட்டு நேரம் விட்டு எடுங்க. ஆனா தட்டப்பயிறு குழம்புல நாரோட புரதமும் இரும்பும் சேர்ந்தே வருது, பவுடர்ல அது வராது. மலத்துல ரத்தம், காரணமில்லாம எடை குறையறது, திடீர்னு பழக்கம் மாறறது இதெல்லாம் இருந்தா களி சாப்பிட்டு பாக்கலாம்னு நாள் கடத்தாம மொதல்ல போய் காட்டுங்க.